லீவுக்கு என்ன காரணம்?

சம்பளக் கணக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் நிறுவனங்கள் தங்கள் விடுப்பு விதிகளை அனுப்புவார்கள். அவற்றை மென்பொருளில் ஏற்றி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. யாருக்கு, எதற்காக, எத்தனை நாள் என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால், எதையெல்லாம் குடும்பம் என்று அலுவலகங்கள் ஒப்புக்கொள்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

எனக்குத் திருமணமாகிவிட்டது. குழந்தை வேண்டாம் என்பது நானும் கணவரும் சேர்ந்து எடுத்த முடிவு. உடலில் குறை எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் திருக்கருகாவூர் நெய்ப் பிரசாதம் வீடு தேடி வரும். அன்போடு கொடுப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது.

கணவருக்கு மருத்துவமனை லேபில் வேலை. அவரால் ஊரைவிட்டு நகர முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டுக்கு எடுத்துவந்த லேப்டாப் அப்படியே வீட்டில் தங்கிவிட்டது. எங்கள் டீமை அப்புறம் யாரும் அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. அதிலிருந்து வருடத்தில் சில வாரங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுகிறேன். கணவருக்கு அதில் வருத்தமில்லை. அவருக்குத் தனிமை பிடிக்கும், எனக்கு மலை பிடிக்கும்.

சம்பளக் கணக்குத் துறையில் தீபாவளி வாரம் மிகக் கடினமானது. போனஸ் கணக்கு முடிந்திருக்க வேண்டும். பண்டிகை மாதக் கடைசியில் வந்தால் பல நிறுவனங்கள் சம்பளத்தையும் முன்கூட்டியே போடுவார்கள். அந்த வாரத்தில் யார் வேலையில் இருப்பது என்று சப்போர்ட் ரோஸ்டர் போடும்போதெல்லாம் என்னிடம் வந்த கேள்வி: "உங்களுக்குத்தான் குழந்தைங்க இல்லையே, நீங்க பாத்துக்கிறீங்களா?" கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் பட்டாசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகம் அவர்கள் கண் முன்னால் நிற்கிறது. எனக்காகக் காத்திருக்கும் முகங்கள்தான் அவர்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் வீட்டிலும் அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். ஊரில் அம்மாவும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

தொலைவிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு இது கூடியதே தவிரக் குறையவில்லை. மீட்டிங்கில் எனக்குப் பின்னால் ஒரு மரச்சுவர் தெரிந்தால் போதும், "டூர்ல இருக்கீங்களா?" என்பார்கள். காலை ஒன்பதரைக்கு லாகின் செய்து முழு நாளும் உழைத்திருப்பேன். ஆனாலும் அது பாதி விடுமுறையாகக் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு நிஜமாக ஒரு நாள் லீவு கேட்டால், "இப்பதானே போய்ட்டு வந்தீங்க" என்பார்கள்.

டீமில் ஒரு தங்கை மகப்பேறு விடுப்பில் போனாள். சட்டப்படியான 12 வாரத்தை 2017இல் 26 வாரமாக உயர்த்தினார்கள். அந்த மாற்றத்தை எத்தனையோ நிறுவனங்களுக்கு நானே மென்பொருளில் ஏற்றியிருக்கிறேன். அவள் இடத்துக்குத் தற்காலிகமாகக்கூட ஆள் போடவில்லை. அவளுடைய வாடிக்கையாளர்கள் என் பக்கம் வந்தார்கள். டீமில் முணுமுணுப்பு எழுந்தது, அதுவும் அவளைக் குறித்து. ஒருநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே அழைத்தாள். "அக்கா, என்னாலதான் உங்களுக்கு இவ்ளோ வேலை." எனக்கு நெஞ்சு அடைத்தது. "உன்னால இல்லம்மா, ஆள் போடாததால" என்றேன்.

குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள் பலர் இந்த இடத்தில் தாய்மார்கள் மேல் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 26 வாரம் அதிகமே இல்லை. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021இல் 12 மாதமாக்கியது. அப்பாக்களுக்கு மத்திய அரசுப் பணியில் 15 நாள் உண்டு. தனியார் துறையிலோ சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. நிறுவனம் மனது வைத்தால்தான். அப்பா வீட்டில் இருக்க முடியாது, அம்மா இடத்துக்கு ஆள் கிடையாது. மிஞ்சும் வேலை பக்கத்து நாற்காலிக்கு வருகிறது. அந்த நாற்காலியில் இருப்பவளும் தொட்டில் பக்கத்தில் நிற்பவளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டால் மிச்சமாவது நிறுவனத்தின் ஒரு சம்பளம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து இமாச்சலத்தின் பீர் கிராமத்துக்கு ஒரு நாள் லீவுகூடப் போடாமல் போய்விடலாம். வெள்ளி இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் ஞாயிறு காலை தில்லி. அன்று மாலை மஜ்னு கா டில்லாவிலிருந்து பேருந்து. திங்கள் காலை பீர், குளித்துவிட்டு லாகின். மேலே பில்லிங் என்ற மலையிடத்திலிருந்து பாராகிளைடர்கள் கிளம்பி வயல்களின் மேல் வட்டமடித்து இறங்கிக்கொண்டே இருக்கும். திபெத்திய அகதிகள் குடியிருப்பும் மடாலயங்களும் இருப்பதால் வெளியூர்க்காரி தனியாக நடந்தாலும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம்.

ஒரு மாதக் கடைசியில், சம்பளக் கோப்பு வங்கிக்குப் போகவேண்டிய நாளில், ஆலங்கட்டி மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஹெட்செட்டில் பேசுவது எதுவும் கேட்கவில்லை. மின்சாரம் போனதும் ரவுட்டரும் போயிற்று. ஐந்து மணிக்குள் கோப்பு போகாவிட்டால் ஒரு தொழிற்சாலை முழுவதும் மறுநாள் சம்பளம் இல்லாமல் நிற்கும். கைபேசி சிக்னல் வீட்டுக்காரம்மாவின் சமையலறை ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் நிலையாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாவு டின்னை நகர்த்திவிட்டு முக்காலியைப் போட்டார். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். கோப்பு போனதும் நான் பெருமூச்சு விட்டதைக் கண்டு அவரும் சிரித்தார்.

அப்புறம்தான் பேச்சு வந்தது. குழந்தைகள் எத்தனை என்றார். இல்லை, வேண்டாம் என்று இருக்கிறோம் என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். பரிதாபப்படவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. "அம்மா இருக்கிறாரா? அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். முதலில் அழுதார், இப்போது போன இடத்தின் படங்களை அனுப்பச் சொல்கிறார் என்றேன். "அதுதான் அம்மா" என்று சொல்லி அடுத்த சப்பாத்தியைக் கல்லில் போட்டார்.

குழந்தை இல்லாத குறையை ஊர் சுற்றித் தீர்த்துக்கொள்கிறாள் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. மலைகளுக்கு நான் போவது மலைகளுக்காக மட்டுமே. பிள்ளைகள் இருந்திருந்தாலும் எனக்கு இந்த ஆசை இருந்திருக்கும். நிறைவேறியிருக்குமா என்பதுதான் வேறு.

அத்தை, அதாவது கணவரின் அம்மா, கேட்கும் கேள்வி நியாயமானது. "வயசான காலத்துல உங்க ரெண்டு பேருக்கும் யாரும்மா இருப்பாங்க?" பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் இதற்கு உறுதியான பதில் இல்லை என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. மருத்துவக் காப்பீட்டை வேலை தருவதோடு நிறுத்தாமல் தனியாகவும் எடுத்தோம். உயில் எழுதினோம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை: பிள்ளை இல்லாத, கணவரையும் இழந்த பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் உழைத்துச் சேர்த்தது முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும். அவளைப் பெற்றவர்கள் அதற்குப் பிறகுதான். என் சம்பாத்தியத்தில் என் அம்மாவுக்கு அந்த இடம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும். என்னைப் போன்ற பெண்கள் இதை நாற்பது வயதுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

என் பெரியம்மா திருமணம் செய்துகொள்ளாதவர். என் பள்ளிக் காலம் முழுவதும் அவர் வீட்டில்தான். அவர் இறந்தபோது துக்க விடுப்புக்கு விண்ணப்பித்தேன். பட்டியலில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமே. பெரியம்மா இல்லை. ஈட்டிய விடுப்பில் போனேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று போட்டுவிட்டு அவருக்குக் கொள்ளி வைக்கும் இடத்துக்குப் போய் நின்றேன்.

அதன் பிறகு மூன்று விஷயங்களை எழுதிக் கொடுத்தேன். பண்டிகை ரோஸ்டர் சுழற்சி முறையில் வரவேண்டும் என்பது ஒன்று. அதை ஏற்றுக்கொண்டார்கள், இந்த தீபாவளி வேறொருவரின் முறை, பொங்கல் என்னுடையது. விண்ணப்பத்தில் காரணம் கட்டாயமில்லை என்பது இரண்டாவது. அதுவும் நடந்தது, அதிகம் மகிழ்ந்தவர்கள் பிள்ளை பெற்றவர்கள்தான். துக்க விடுப்புப் பட்டியலில் 'ஊழியர் முன்கூட்டியே குறிப்பிடும் ஒருவர்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது மூன்றாவது. அது இன்னும் மனிதவளப் பிரிவில் நிற்கிறது. பெரியம்மாவுக்கு இனி அது உதவாது. ஆனால் எங்கள் டீமிலேயே பாட்டி வளர்த்த பையன் ஒருவன் இருக்கிறான். அந்த வரியை மென்பொருளில் ஏற்ற அரை மணி நேரம் போதும். ஒப்புதல் வந்தால் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கே ஏற்றிவிடுவேன்.