எல்லைக்கு அந்தப் பக்கம் அம்மிச்சி

2021 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை விடிகாலையில் என் சின்ன அம்மிச்சி பொள்ளாச்சியில் தவறிவிட்டார். மாரடைப்பு, கொரோனா இல்லை. அவருடைய அக்கா, அதாவது என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி, இருப்பது கொழிஞ்சாம்பாறையில். கேரளம் என்று பெயரே தவிர, அவர் தெருவில் பேச்செல்லாம் தமிழ்தான். நல்ல காலத்தில் காலையில் பஸ் ஏறி வந்து, தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். அந்தத் தூரத்தைத் தாண்டி அவர் வந்து சேர்ந்தது பன்னிரண்டாம் நாள்.

விதி எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு தவணை கொரோனா ஊசி போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் தொற்று இல்லை என்று 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் பரிசோதனைச் சான்று வேண்டும். அம்மிச்சிக்கு 74 வயது. ஸ்லாட் கிடைக்காமல் அலைந்து ஜூன் 12-ல்தான் முதல் ஊசி போட முடிந்தது. அவர் போட்ட கோவிஷீல்டு ஊசிக்கு அரசே வகுத்த இடைவெளி 84 நாள். எப்படிக் கணக்குப் போட்டாலும் இரண்டாவது ஊசி செப்டம்பர் 4. அதன் மேல் 14 நாள் என்றால் செப்டம்பர் 18. அரசு சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரு கிழவிக்கு, அரசு கேட்ட ஊசிச் சான்று ஆகஸ்டில் கிடைக்க வழியே இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமா அவரைக் காரில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுவந்தார். நான் இந்தப் பக்கம் தடுப்புக்கு அருகில் நின்றிருந்தேன். சான்று இல்லை என்றதும் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். நான் கெஞ்சினேன். பணியில் இருந்தவர் கடுமையாகப் பேசவில்லை. சுற்றறிக்கையில் சாவுக்கு விலக்கு எதுவும் இல்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது அம்மிச்சி மஞ்சப்பையிலிருந்து, இறந்தவருக்குப் போர்த்துகிற கோடிச் சேலையை எடுத்தார். பெட்டியில் புதுசாக வைத்திருந்த அரக்கு நிறச் சேலை. அதை மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக் கார் ஜன்னல் வழியாக அவரிடம் காட்டினார். எழவுக்குத்தான் போகிறேன் என்பதற்கு அவரிடம் இருந்த அத்தாட்சி அது ஒன்றுதான். பணியில் இருந்தவர் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். கார் திரும்பிப் போய்விட்டது.

மாலை நான்கு மணிக்கு உடலை எடுத்துவிட்டோம். முகத்தைச் செல்போனில் காட்டினோம்.

இரண்டாம் அலையில் நாங்களும் அடிபட்டவர்கள். அந்த மே மாதக் கடைசியில் அன்றாடத் தொற்றில் கோவை சென்னையையே தாண்டிப் போயிற்று. பயம் பொய்யல்ல, சோதனை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தாளைக் கேட்கிறவருக்கு, அந்தத் தாள் கைக்கு எட்டும்படி செய்கிற கடமையும் உண்டு. சாவடியிலேயே ஒரு துரிதச் சோதனை, முகக்கவசம், வீட்டு முகவரி, மறுவாரம் ஒரு மறுசோதனை என்று ஏதாவது ஒரு வாசல் வைத்திருக்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று இருந்தது. அதை வாங்கியவர் போகிற ஊருக்குப் போய், அங்கே சில நாள் அதிகாரி முன்னால் ஆஜராகி உடம்பைக் காட்ட வேண்டும். அதிலும் கொடுமைகள் உண்டு. ஆனாலும் பயணத்தை விட்டுவிட்டுப் பிறகு கண்காணிப்பது என்கிற யோசனை அன்றைக்கே இருந்திருக்கிறது. கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். கொள்ளைநோய் நமக்குப் புதிதல்ல.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. அதே ஆகஸ்டில் கேரளத்தில் கடைக்குள் நுழையவே சான்று கேட்டார்கள். அங்கே முதல் ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் போதும். அம்மிச்சியின் அந்த ஒரே தாள் அங்கே மளிகைக் கடைக்குச் செல்லும். இங்கே தங்கையின் சாவுக்குச் செல்லாது.

சரி, பரிசோதனைக் கதைக்கு வருகிறேன். இதில்தான் நான் ஏமாந்தேன். ஞாயிறு சுதந்திர தினம், பரிசோதனைக் கூடம் திறக்கவில்லை. திங்கள் பதினொரு மணிக்கு மாதிரி கொடுத்தோம். ஒரே நாளில் முடிவு என்றார்கள். புதன் மாலை ஆறு மணிக்குத்தான் வந்தது. 72 மணி நேரம் என்பது முடிவு வந்த நேரத்திலிருந்து இல்லை, மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. வியாழன் காலை எட்டு மணிக்கே சாவடியில் நின்றோம். இன்னும் மூன்று மணி நேரம் மிச்சம். ஆனால் கூடத்தில் கேட்டு எழுதிய சான்றில் இனிஷியல் அவர் கணவர், எங்கள் அப்பிச்சியின் பெயரில் இருந்தது, ஆதாரில் அம்மிச்சியின் அப்பா பெயரில். இரண்டு தாளிலும் இருப்பவர் ஒருவர்தான் என்று அங்கே யாரும் ஏற்கவில்லை. திருத்திய சான்று பன்னிரண்டரைக்கு வந்தது. கெடு பதினொன்றுக்கே முடிந்துவிட்டது. கட்டிய பணமும் போயிற்று.

அடுத்து ஓணம். கூடம் திறந்தது 24-ஆம் தேதி, செவ்வாய். இந்த முறை மாமா ஆதார் நகலை மேசைமேல் வைத்து, அதைப் பார்த்தே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச் சொன்னார். மாதிரி எடுத்த நேரத்தை அச்சில் போட வைத்தார். செல்போனை நம்பாமல் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார். இனி எந்த நோய்க்கு எந்தச் சான்று கேட்டாலும் இந்த மூன்றையும் செய்துவிட்டே வீட்டை விட்டுக் கிளம்புங்கள். புதன் காலை சாவடியில் தாளை வாங்கியவர் ஒரு மூச்சு நேரம்கூடப் பார்க்கவில்லை, போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். காரில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

2022 மே 2-ல், ஊசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியெல் என்ற மருத்துவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றும், ஊசி போடாதவர்கள்மீது விதித்த கட்டுப்பாடுகள் நியாயமான அளவில் இல்லை என்றும் சொன்னது. செய்தியை இரண்டு முறை படித்தேன். அம்மிச்சி ஊசியை மறுத்தவர்கூட இல்லை. வரிசையில் காத்திருந்தவர்.

அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது அஸ்தியைப் பேரூரில் கரைத்து நாளாகியிருந்தது. அம்மிச்சி படத்தின் முன்னால் உட்கார்ந்து, மஞ்சப்பையிலிருந்து அந்த அரக்குச் சேலையை எடுத்துக் கீழே வைத்தார். வெகுநேரம் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “அவளுக்கு என்ன நிறத்துச் சேலை போர்த்தினீர்கள், கண்ணு?” என்று கேட்டார். எங்கள் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை.