ஹெல்மெட்டில் ஒரு ஸ்பேடு

பாரிஸில் ஷெர்பூர் ரயிலைப் பிடித்து கராந்தானில் இறங்கினேன். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் வந்து இறங்கிய நார்மண்டி என்றால் பெரும்பாலும் கடற்கரைகளைப் பார்க்கத்தான் போவார்கள். நான் போனது ஹெல்மெட் பார்க்க. ஊருக்குச் சற்று வடக்கே சேன் கோம் து மோன் கிராமத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த அமெரிக்காவின் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவின் பொருட்கள் அங்கே நிறைய.

கண்ணாடிக்குப் பின்னால் பச்சை உரிந்துபோன ஒரு எஃகு ஹெல்மெட். பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட்டில் ஒரு ஸ்பேடு. நாம் சீட்டாடும்போது பார்க்கிற அதே ஸ்பேடு. அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் சின்னதாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

ஸ்பேடு என்றால் அந்தப் படைப்பிரிவுக்குள் 506-ஆவது ரெஜிமென்ட். ஆர்ட்டின் 502, டைமண்ட் 501, கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானத்தில் இறங்கப் பயிற்சி பெற்ற 327-க்கு கிளாவர். சரி, அந்தக் கோடு? கடிகார முகம்போல எண்ணிப் பாருங்கள். 12 மணி இடத்தில் இருந்தால் ரெஜிமென்ட் தலைமையகம், 3 என்றால் ரெஜிமென்ட்டுக்குள் முதல் பட்டாளம், 6 இரண்டாவது, 9 மூன்றாவது. ஆக, நான் பார்த்த ஹெல்மெட்டுக்காரர் 506-இன் முதல் பட்டாளம். பெயர் இல்லாவிட்டாலும் அவர் எந்தக் கூட்டத்தைத் தேடியிருப்பார் என்பது தெரிந்துவிடுகிறது.

ஆமாம், தேடத்தான் இவ்வளவும். 1944 ஜூன் 6, விடியலுக்கு முன். மேகமும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் சேர்ந்து விமானங்களைக் கலைத்துவிட, குதித்தவர்கள் எங்கெங்கோ போய் விழுந்தார்கள். இருட்டில் அடையாளம் காண ஆளுக்கொரு பித்தளைக் கிளிக்கர்: ஒருமுறை அழுத்தினால், பதிலுக்கு இரண்டு சத்தம் வர வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு ஹெல்மெட்டைப் பார்த்தால் போதும், யார் எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். 101-ஆவது பிரிவு வீரர்கள் இன்றும் இந்தச் சீட்டுச் சின்னங்களை ஹெல்மெட் உறையில் அணிகிறார்கள்.

ஹெல்மெட்டின் பின்பக்கத்தையும் மறக்காமல் பாருங்கள். செங்குத்துப் பட்டை என்றால் அதிகாரி, படுக்கைப் பட்டை என்றால் சார்ஜென்ட் போன்றவர்கள். தலைவன் முன்னால் ஓடும்போது பின்னால் வருகிறவன் அதைப் பார்த்துத் தொடர வேண்டும். எதிரே துப்பாக்கியோடு இருப்பவன் கண்ணில் படக் கூடாது. அதே நாளில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் இறங்கிய ரேஞ்சர்கள் என்ற அமெரிக்கச் சிறப்புப் படையினரும் ஆரஞ்சு டைமண்டைப் பின்பக்கம்தான் வரைந்திருந்தார்கள்.

எதிரியும் பார்க்கட்டும் என்றே வரைந்த குறி ஒன்று உண்டு. மருத்துவ உதவியாளர்களின் ஹெல்மெட்டில் இருக்கும், வெள்ளை வட்டத்துக்குள் செஞ்சிலுவை. சுடாதே என்று கேட்கிற குறி அது. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிதாகவே வரைந்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்த பிறகு ஆங்கோவில் ஓ ப்ளேன் கிராமத்துக்குப் போகாமல் திரும்ப மனமில்லை. வயல்களுக்கு நடுவே ஒரு சின்னத் தேவாலயம். 501-இன் இரண்டாம் பட்டாளத்து உதவியாளர்கள் ராபர்ட் ரைட், கென்னத் மூர் இருவரும் அங்கே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். சுற்றிலும் சண்டை, ஊர் கை மாறிக்கொண்டே இருந்தது. அமெரிக்கர், ஜெர்மானியர் என்று பார்க்காமல் சுமார் 80 பேரைக் கவனித்திருக்கிறார்கள். ரைட்டுக்கு அப்போது இருபது வயதுதான்.

உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். மர பெஞ்சுகளில் கருத்த கறைகள். அன்றைக்குப் படுக்க வைத்தவர்களின் ரத்தம், மரத்துக்குள் ஊறிப்போய் இன்னும் இருக்கிறது. கையை வைக்கப் போய், எடுத்துக்கொண்டேன். அப்புறம் அந்த பெஞ்சுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

ரைட் 2013-இல் காலமானார். அவரை அடக்கம் செய்திருப்பது இந்தத் தேவாலயத்து வளாகத்தில்தான். வெளியே வந்து தேடினேன். முழுப் பெயர் இல்லாத கல். ஆர். இ. டபிள்யூ. என்று மூன்றே எழுத்துகள்.