யூரின் ரிப்போர்ட்டில் ‘கிரிஸ்டல்ஸ்’ என்று வந்தால்

ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ‘கால்சியம் ஆக்சலேட் கிரிஸ்டல்ஸ்’ (படிகங்கள்) என்ற வரியைப் பார்த்ததுமே சிறுநீரகக் கல் வந்துவிட்டதாக முடிவுகட்டி, மறுநாளே பாலையும் தக்காளியையும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய பேர். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கல்லே இல்லாதவர் சிறுநீரிலும் படிகம் தெரியும். கல் இருப்பவர் சிறுநீரில் ஒன்றுமே தெரியாமலும் போகும்.

முதலில் பார்க்க வேண்டியது, சாம்பிளை எப்போது பிடித்தீர்கள், லேபில் எப்போது பார்த்தார்கள் என்பதுதான். சிறுநீர் உடம்புச் சூட்டில் வெளியே வருகிறது. ஆறினால், அதுவரை கரைந்திருந்த உப்புகள் படிய ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் அதிகமாகப் படியும். விடியற்காலையில் வீட்டில் பிடித்து, பத்து மணிக்கு லேபில் கொடுத்த சாம்பிளில் தெரியும் படிகம், பாட்டிலுக்குள்ளேயே உருவானதாக இருக்கலாம். 2 மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் நம்பலாம். அதோடு லேபில் 10 மி.லி. அளவை சென்ட்ரிஃபியூஜில் 5 நிமிடம் சுற்றி, அடியில் தங்கும் வண்டலைத்தான் நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல் கொடுத்த கெட்டியான சிறுநீரில் நாலு படிகம் தெரிவது இயல்புதான். நன்றாகத் தண்ணீர் குடித்து, லேபிலேயே புதிதாகக் கொடுத்து, இன்னொரு முறை பாருங்கள்.

மறுபடியும் வந்தால், அதே ரிப்போர்ட்டில் பி.எச். அளவையும் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்), பஸ் செல்களையும் (சீழ் அணுக்கள்), சிவப்பணுக்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பி.எச். 5.5-க்குக் கீழே இருந்து யூரிக் அமிலப் படிகமும் வந்தால், சர்க்கரை நோய், உடல் பருமன், தண்ணீர் குறைவு ஆகியவற்றை யோசிக்கலாம். யூரிக் அமிலக் கல்லில் ஒரு நல்ல விஷயம் உண்டு: பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது கரையும். கால்சியம் ஆக்சலேட் கல்லை அப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது.

பி.எச். 7-க்கு மேல், கூடவே பஸ் செல்கள், ட்ரிப்பிள் பாஸ்பேட் படிகம் என்றால் கதை வேறு. புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குவதால் இது வரலாம். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் அவசியம். கல் உருவாகியிருந்தால் கிருமி அதற்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் ஆன்டிபயாடிக் முடித்த கொஞ்ச நாளில் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது.

அறுகோணமாகத் தெரியும் சிஸ்டின் படிகம் மட்டும், ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடக் கூடாது. அது சிஸ்டினூரியா, அதாவது சிஸ்டின் என்ற அமினோ அமிலம் சிறுநீரில் அதிகமாக வெளியேறும் பரம்பரை நோய். உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

ஏசைக்ளோவிர், சல்ஃபா, சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மருந்துகளும் சிறுநீரில் படிகமாகலாம். எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி சாப்பாடு. பாலையும் தயிரையும் நிறுத்துவதுதான் பெரிய தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியம் குறைந்தால் அந்த ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி சிறுநீருக்குத்தான் போகும். தக்காளியில் ஆக்சலேட் குறைவு. பாலக் கீரையில்தான் மிக அதிகம். சாப்பிட ஆசையென்றால் பனீரோடு கொஞ்சமாகச் சாப்பிடலாம். தினமும் வைட்டமின் சி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், உடம்பு அதை ஆக்சலேட்டாக மாற்றும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும்.

தண்ணீரில் ‘இத்தனை டம்ளர்’ கணக்கு சரிவராது. வெயிலில் வேலை செய்பவருக்குப் பாதி வியர்வையிலேயே போய்விடும். வெளியேறும் சிறுநீரைத்தான் அளக்க வேண்டும். கல் வரும் உடம்புக்கு ஒரு நாளில் இரண்டரை லிட்டராவது போக வேண்டும். இதய பலவீனமோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

படிகத்தோடு சிவப்பணுக்களும் இருந்தால் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். விலாப்பக்க வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.