இரண்டு ஏரிகளுக்கு நடுவே 700 மீட்டர் காடு: மூன்றாவது முறை சரியாக வந்தது

இரண்டு ஏரிகளையும் இணைக்கும் நடைச்சுற்றில் மிச்சமிருந்த ஓட்டை அடைபட்டது. முதல் ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து இரண்டாம் ஏரியில் பாதை தொடங்கும் முனை வரை 700 மீட்டர், தடமே இல்லாத காடு. முந்தைய இரண்டு முறையும் ஏரி கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று தெரியாமல் கரையிலேயே அலைச்சல்.

முனைக்கு நேராகக் குறி வைத்ததுதான் தப்பு. காம்பஸைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்குள் நடந்தால் 4 டிகிரி பிசகுவது சர்வசாதாரணம். 700 மீட்டரில் அது கிட்டத்தட்ட 50 மீட்டர். எந்தப் பக்கம் பிசகினோம் என்பது கரையில் நின்றால் தெரியாது. அதனால் இந்த முறை வேண்டுமென்றே தெற்கே தள்ளிக் குறி. காந்த விலக்கத்தை (காம்பஸ் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம்) சரிசெய்த பிறகு நேர்த்திசை 84 டிகிரி. காம்பஸில் வைத்தது 90. அந்த 6 டிகிரி கரையில் 70 மீட்டருக்குச் சற்று மேல். 4 டிகிரி வடக்கே பிசகினாலும் முனைக்குத் தெற்கேதான் கரையேறுவோம். தண்ணீர் தெரிந்ததும் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பலாம். 10 டிகிரி தள்ளினால் 120 மீட்டர் போய்விடும். அங்கே கோரைச் சேறு.

மரத்தைச் சுற்றும்போது ஒன்றை இடமாகச் சுற்றினால் அடுத்ததை வலமாகச் சுற்ற வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். 20, 30 மீட்டருக்கு அப்பால் ஒரு மரத்தைக் குறித்து, அதை அடைந்த பிறகே அடுத்ததைக் குறிக்க வேண்டும். போன் காம்பஸ் வேண்டவே வேண்டாம், காந்தம் வைத்த உறை போட்டிருந்தால் ஊசி சொல்வதெல்லாம் பொய்.

தூரத்தை அளக்க, இடக்கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணிக்கை. நல்ல பாதையில் 100 மீட்டருக்கு 64, புதருக்குள் 72 ஆனது. ஆக 700 மீட்டருக்கு 504. ஒவ்வொரு 72-க்கும் ஒரு கூழாங்கல்லைப் பை மாற்றினால் கணக்கு தவறாது. ஏழாவது கல் மாறியும் தண்ணீர் தெரியவில்லை என்றால் நின்று பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் திசையை அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1:25,000 அளவில் இந்த 700 மீட்டர் வெறும் 2.8 செ.மீ.; ஸ்கேல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 2 டிகிரி போச்சு. 1:10,000-க்குப் பெரிதாக்கி அச்சிட்டால் 7 செ.மீ., அதே தவறு ஒரு டிகிரிக்கும் குறைவு. அச்சிடும்போது ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்ற தேர்வை எடுத்துவிட்டு, வரைபடத்தில் தூரத்தைக் காட்டும் அளவுகோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபார்க்கவும். லேசர் அச்சுதான் நல்லது. இங்க்ஜெட் மை ஏரிக்காற்றின் ஈரத்திலேயே பரவுகிறது.

ஜிபிஎஸ் ட்ராக்கை நம்பித் தூரம் சொல்லாதீர்கள். அடர்ந்த இலைக்கடியில் சிக்னல் மரங்களில் மோதிச் சிதறி வருவதால், நொடிக்கு ஒரு புள்ளி பதிந்தால் கோடு நடுங்கித் தூரம் ஊதிப்போகும். இடைவெளியைக் கூட்டினால் நடுக்கம் அடங்கும், ஆனால் வளைவுகள் வெட்டுப்படும். 5 நொடி ஓரளவு ஒத்துவருகிறது.

அடுத்து இதே சுற்றை எதிர்த்திசையில் நடக்க வேண்டும். அப்போது 90-ஐத் திருப்பி 270 என்று வைத்துவிடக் கூடாது. கிளம்புவது முனையிலிருந்து என்பதால் நேர்த்திசை 264. முதல் ஏரியின் கரையில் எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைத் தண்ணீர் வற்றிய பிறகுதான் முடிவு செய்ய முடியும். வரைபடம் காட்டுவது ஒரே ஒரு நீர்மட்டத்தை. ஏரி நிறைந்தால் தென்கரைத் தடம் முழங்கால் ஆழத்தில் கிடக்கிறது.