ஊத்தட்டுமா?

“மானுக்கு ரொம்ப மூச்சு வாங்குது சார். தண்ணி ஊத்தட்டுமா?”

“வேண்டாம்மா, ஊத்தாதீங்க. வந்துட்டிருக்கோம்.”

மே மாதம், காலை எட்டரை மணி, தகரக் கூரை போட்ட கார் ஷெட். அந்த அம்மா போனில் கேட்டது உடம்பின் மேல் ஊற்றுவதை. கால்நடை டாக்டரான நான் நினைத்துக்கொண்டு பதில் சொன்னது வாயில் ஊற்றுவதை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். நாங்கள் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் பக்கெட்டை நிரப்பி வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லிவிட்டாரே என்று ஒரு சொட்டுகூடப் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாயில் ஊற்றக் கூடாது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஓடிக் களைத்து விழுந்த மானுக்கு ஒழுங்காக விழுங்க வராது. ஒரு மடக்கு மூச்சுக்குழாயில் இறங்கினால் போதும், அன்றைக்குப் பிழைத்தாலும் நாலு நாளில் நிமோனியா. கிண்டிக் காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் மான் விழுந்து கிடந்தால், யாராவது ஒருவர் தலையைத் தூக்கிப் பிடித்து பாட்டிலைச் சாய்ப்பார். நல்ல மனசுதான். அதைப் பார்த்துப் பார்த்து, கேள்வி முடியும் முன்பே பதில் வாயில் வந்து நிற்கிறது.

ஆனால் அந்த மானுக்கு வேண்டியிருந்தது குளிர்ச்சி. புள்ளிமானின் உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 41-ஐத் தாண்டினால் ஆபத்து. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தபோது 42.1 காட்டியது. அடிவயிறு, தொடையிடுக்கு, முன்னங்கால் இடுக்கு என்று மயிர் குறைவான இடங்களில் குழாய்த் தண்ணீரை விட்டு, ஃபேனைத் திருப்பி வைத்தால் இறங்கத் தொடங்கும். 39.5 வந்ததும் நிறுத்திவிட வேண்டும், பிறகு தானாகவே இன்னும் கொஞ்சம் இறங்கும். இதற்கு டாக்டர் தேவையில்லை. பக்கெட்டும் மக்கும் போதும். இரண்டும் அங்கேயே இருந்தன.

துரத்தியவை மூன்று நாய்கள். இரண்டு தெருநாய், ஒன்று பக்கத்து வீட்டு லாப்ரடார், காலை நடையில் சங்கிலியைக் கழற்றி விட்டிருக்கிறார்கள். “எங்க பையன் கடிக்கல சார், விளையாட்டுக்கு ஓடினான்” என்றார் அதன் சொந்தக்காரர். பொய்யாக இருக்காது. பின்தொடையில் இருந்த இரண்டு பல் ஓட்டைகள் மற்ற நாய்களுடையதாக இருக்கலாம். ஆனால் மானைக் கொல்லப் பல் வேண்டாம், துரத்தினாலே போதும். மதில், கேட், நிறுத்தியிருக்கும் கார் என்று முட்டித் திரும்பி ஓடும்போது தசையில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. தசை உடைந்து, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். கேப்சர் மயோபதி என்று பெயர். சில மான்கள் அங்கேயே சாகும். சில எழுந்து நின்று, தழை தின்று, நம்மை நம்பவைத்து, ஒரு வாரம் கழித்துச் சாகும்.

நாய்களை இங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள் என்று தெருவே சொன்னது. 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, தெருவில் பிடித்த நாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். லாப்ரடாருக்கு விதி தேவையில்லை, சங்கிலி போதும். அதை யாரும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியதைச் செய்தோம். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டினோம், மூக்கு மூடாமல். காதில் பஞ்சு. நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, தலையை உயர்த்தி, மூக்கு நுனியைத் தாழ்த்திப் பிடித்தால் எச்சில் வெளியே வடியும், வயிற்றுக் காற்று ஏப்பமாகப் போகும். பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு ஊதி நுரையீரலை அழுத்தும். மயக்க ஊசி போடவில்லை. அதிலுள்ள சைலசின் என்ற மருந்து, உடல் தன் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனையே குறைக்கும். நரம்பில் நார்மல் சலைன் என்ற உப்புநீரும், அமிலத்தை முறிக்கப் பைகார்பனேட்டும் ஏற்றினோம். மறுநாள் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் வந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது.

அறுத்துப் பார்த்தோம். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய தொடைத்தசையில் வேகவைத்த கோழிக்கறிபோல வெளுத்த கோடுகள். வயிற்றுக்குள் பால் கவர்களும் முடிச்சுப் போட்ட கேரி பேக்குகளும் இறுகி, இரண்டு கை நிறைய ஒரே உருண்டை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. எப்படியும் ரொம்ப நாள் இருந்திருக்காது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கூட வந்த உதவியாளர் வேறு விதமாகச் சமாதானம் சொன்னார்: “ஓடும்போதே தசை போயாச்சு சார், தண்ணி என்ன செஞ்சிருக்கும்?” பாதி சரி. மீதிப் பாதி, சூடும் தசையை உடைக்கும் என்பது. 42-இல் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை இந்த மானுக்கு எவ்வளவு என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

அந்த அம்மா அன்றைக்கு இன்னொன்றும் கேட்டார். தொடைக் காயத்தில் டவலை அழுத்திப் பிடித்திருந்தார், கையில் கத்தி கீறி இன்னும் ஆறாத வெட்டு. “எனக்கு ஊசி போடணுமா?” நாய் எச்சில் பட்ட காயம், எனவே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், இன்றைக்கே போய்த் தடுப்பூசி போடுங்கள், லாப்ரடாரின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள், ஆனால் தெருநாய்களுக்கு அட்டை இல்லை என்பதால் அதை நம்பி ஊசியை விடாதீர்கள் என்று முழுசாகச் சொன்னேன். மனுஷருக்கு என்றால் முழு வாக்கியம் வருகிறது.

பிறகு போனில் சொல்லும் வார்த்தையை மாற்றிக்கொண்டேன்: “வாயில ஊத்தாதீங்க, உடம்புல ஊத்துங்க.” சில மாதம் கழித்து, ஒரு குடியிருப்பின் மாடிப்படி அடியில் கொம்புள்ள ஆண் மான். நான் இதையே சொன்னேன். வாட்ச்மேன் ஹோஸ் பைப்பைத் திறந்தார். அந்த மான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் பாய்ந்து இரும்பு கிரில்லில் மோதிக் கழுத்து முறிந்தது. நிற்கும் மானுக்குச் செய்ய வேண்டியது, வெளி கேட்டைத் திறந்துவைத்து, நாய்களைக் கட்டி, விளக்கை அணைத்து, ஆட்கள் விலகிவிடுவது. இருட்டியதும் வந்த வழியே பெரும்பாலும் போய்விடும். நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது கேட்கிறேன். போன வாரம் ஒருவர், “படுத்திருக்கு சார்” என்றார். விழுந்து கிடக்கிற மானும் படுத்திருக்கும், அசைபோடுகிற மானும் படுத்திருக்கும். தலை நிமிர்ந்திருக்கா, காது அசையுதா என்றேன். “இருங்க, பார்த்துச் சொல்றேன்.” செருப்புச் சத்தம் கேட்டது, சரளைக்கல்லில் நடப்பதுபோல. “கிட்டப் போகாதீங்க!” என்று கத்தினேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.