குறைமாதப் பிள்ளையும் தாய்ப்பாலில் வரும் வைரஸும்

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் தங்கைக்கு 28 வாரத்திலேயே மகன் பிறந்துவிட்டான். ஒரு மாதம் நல்லபடியாகத் தேறி வந்த பிள்ளைக்குத் திடீரென்று மூச்சு இடையிடையே நின்று வரத் தொடங்கியது, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்தன, வயிறும் ஊதியது. கிருமித்தொற்று என்று கருதி மருந்து ஏற்றினார்கள். ஆனால் இரத்தப் பரிசோதனையில் பக்டீரியா எதுவும் வளரவில்லை. பின்னர் கொழும்புக்கு அனுப்பிய சிறுநீர் மாதிரியில்தான் சைற்றோமெகலோ வைரஸ் இருப்பது தெரிந்தது. அது பெரும்பாலும் தாய்ப்பால் வழியாகவே வந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார்.

அதைக் கேட்ட கணத்திலிருந்து தங்கை பால் எடுப்பதற்கே அஞ்சினாள். பார்க்க வந்த மாமி ஒருவர், "பால நிப்பாட்டிப்போட்டு மாப்பாலக் குடுங்க மகள்" என்று அன்போடுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் தங்கை இருந்த தாய்மார் அறையில் படுவான்கரையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வந்து தங்கியிருந்த மற்றத் தாய்மாரின் முகத்திலும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. அவர்களைப் போன்ற ஒரு தாயாவது இதைப் படித்து, பாலை நிறுத்துவதற்கு முன் வைத்தியரிடம் பேச வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இந்த வைரஸ் நோயாளிகளிடம் மட்டும் இருக்கும் அரிய கிருமி அன்று. எங்களைப் போன்ற நாடுகளில் பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலேயே, எச்சில் வழியாகவோ வேறு வழியாகவோ, எந்த அறிகுறியும் இல்லாமல் தொற்றி, உடலுக்குள் வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. பிள்ளை பெற்றுப் பால் சுரக்கத் தொடங்கியதும் அது மார்பில் மீண்டும் விழிக்கிறது. தாயின் உடலில் வேறெங்கும் பெரும்பாலும் அதன் அடையாளம் தெரிவதில்லை. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கிளவுஸ் ஹாம்ப்ரெக்ட்டும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், முன்னரே தொற்றுக்குள்ளாகியிருந்த தாய்மாரில் 96 சதவீதமானோரின் பாலில் வைரஸ் மீண்டும் தோன்றியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோரின் பிள்ளைகளுக்கு அது தொற்றியது. கடும்புப்பாலில் அதன் அளவு குறைவு. நான்காம், ஐந்தாம் வாரமளவில் உச்சத்தை அடைந்து, மூன்று மாதத்தை நெருங்கும்போது தணிகிறது. ஆகவே, தங்கை எதையோ தின்றதாலோ சுத்தம் பேணாததாலோ இது வரவில்லை. பால் ஊற வேண்டும் என்று அம்மா சமைத்துக் கொடுத்த பால்சுறாவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் இதே பால் வழியாக இதே வைரஸ் போகிறது. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோயை எதிர்க்கும் தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதால், அவர்களில் அநேகருக்கு ஒன்றும் ஆவதில்லை. 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொத்து வந்து சேர்வதற்கு முன்பே உலகத்தைப் பார்க்க நேர்ந்துவிடுகிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் 1,500 கிராமுக்குக் குறைந்தவர்களையும் வைத்தியர்கள் கூடுதலாகக் கவனிப்பதற்குக் காரணம் இதுதான். இவர்களிலும் தொற்றியவர்கள் எல்லோரும் நோய்வாய்ப்படுவதில்லை. நோய்வாய்ப்படும் சிலருக்கு ஈரலும் மண்ணீரலும் வீங்கலாம், நுரையீரல் பாதிக்கப்படலாம், வெண்குருதிக் கலங்கள் குறையலாம்.

அப்படியானால் பாலை நிறுத்துவதுதானே பாதுகாப்பு என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. மாப்பால் மட்டும் குடித்த குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் திசு இறந்து அழுகும் கொடிய நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்ததை ஆய்வாளர்கள் அலன் லூக்கஸும் கோலும் 1990இலேயே காட்டினார்கள். பிழைக்கவைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை, சிலரையே நோயாக்கும் ஒன்றுக்குப் பயந்து எடுத்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2012இல், இந்த ஆபத்தைவிடத் தாயின் பாலால் கிடைக்கும் நன்மையே பெரிது என்றது.

பாலை 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கினால் வைரஸ் முற்றாக அழியும். ஆனால் பாலிலுள்ள உயிருள்ள வெண்குருதிக் கலங்களும் கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியமும் அதோடு போய்விடும். உறையவைத்தால் வைரஸின் அளவு குறையுமே தவிர, முழுதாக ஒழியாது. சில நாடுகளில் மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் குறித்த வாரம்வரை பாலைச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். வேறு இடங்களில் அப்படியே கொடுக்கிறார்கள். வீட்டில் அடுப்பில் வைத்துச் சூடாக்குவது இதற்கு மாற்றாகாது.

தங்கையின் மகனுக்குப் பால் நிறுத்தப்படவில்லை. மூக்குவழிக் குழாயில் சிறின்ஜைப் பொருத்தி, தண்டை அழுத்தாமல், பால் தன் பாரத்தாலேயே இறங்கும்படி தாதி உயர்த்திப் பிடிப்பார். மில்லிலீற்றர் கணக்கில் இறங்கும் அந்தப் பாலைத் தங்கை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். கன்சைக்ளோவிர் என்ற மருந்து உண்டு. அது வெண்குருதிக் கலங்களைக் குறைக்கக்கூடியதால் கடுமையான நோய்க்கே கொடுப்பார்களாம். பெறாமகனுக்கு அது தேவைப்படவில்லை. சிறுதட்டுக்கள் தாமாகவே கூடின.

ஒரு கேள்விக்கு மட்டும் தெளிவான விடை கிடைக்கவில்லை. வைரஸ் கருவிலேயே வந்ததா, பால் வழியாக வந்ததா என்பதைப் பிரித்தறிய, பிறந்து 21 நாட்களுக்குள் எடுத்த சிறுநீர் அல்லது உமிழ்நீர்ப் பரிசோதனை தேவை. கருவில் தொற்றியிருந்தால் கேட்கும் திறன் பின்னாளில்கூடக் குறையலாம். பால் வழியே தொற்றியவர்களுக்கு அந்தக் கவலை மிகக் குறைவு. இவனுக்கு அந்த ஆரம்பப் பரிசோதனை இல்லாததால், கிளினிக்கில் காதைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் குறைந்து பிறந்த பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், முதல் மூன்று வாரம் முடிவதற்குள் இந்தப் பரிசோதனையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.