அடையாளமே இல்லாத நீலக் கமாரோ

சிகாகோவிலிருந்து ப்ளூ லைன் ரயில் பிடித்து ரோஸ்மாண்ட்டில் இறங்கினேன். நவம்பர் குளிர் காதைப் பிடித்து இழுத்தது. ஓஹேர் விமான நிலையம் பக்கத்திலேயே என்பதால் தலைக்கு மேலே விமானங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய வார இறுதியில் இங்குள்ள ஸ்டீபன்ஸ் மாநாட்டு மையத்தில் 'மசில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸ்' கண்காட்சி நடக்கும். பல வருட ஆசை, இந்த முறைதான் கைகூடியது.

நடுத்தர அளவுக் காரில் எட்டு சிலிண்டர் கொண்ட ராட்சத வி8 எஞ்சினைத் திணித்து, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றதுதான் மசில் கார். 1964இல் பான்டியாக் ஜிடிஓ தொடங்கி வைத்த அலை அது. ஏழெட்டு வருடத்தில் அடங்கிவிட்டது. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973இல் எண்ணெய் நெருக்கடி மிச்சத்தையும் முடித்தது.

உள்ளே நுழைந்ததும் பெட்ரோல், ரப்பர், மெழுகு பாலிஷ் எல்லாம் கலந்த ஒரு வாசனை. கண்ணைப் பறித்தவை கிரைஸ்லர் கம்பெனியின் பிளிமத், டாட்ஜ் கார்கள்தான். அந்தக் காலத்தில் டாட்ஜ் கொடுத்த ஊதா நிறத்துக்கு 'பிளம் கிரேஸி' என்று பெயர். நாவல் பழத்தைப் பிழிந்து பூசியது போலிருக்கும். 1970 பிளிமத் சூப்பர்பேர்ட் ஒன்றும் நின்றது. கூரான மூக்கு, பின்னால், தரையிலிருந்து ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழும்பி நிற்கும் ஒரு இறக்கை. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் ஒரு காரை ஓட்ட வேண்டுமானால் பொதுமக்களுக்கு விற்கவும் அதைத் தயாரிக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே பிறந்த கார். அன்று இதை வாங்க ஆளில்லாமல், சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றி விற்றார்கள்.

அபூர்வம் என்று வந்தால் 1971 பிளிமத் ஹெமி 'குடா கன்வெர்டிபிள்தான் உச்சம். மொத்தம் 11 கார்கள்தான் செய்தார்கள். 2014இல் சியாட்டில் ஏலத்தில் அதில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் நான் அதிக நேரம் நின்றது வேறொரு காரிடம்.

வரிசை ஓரத்தில் ஒரு நீல நிற 1969 செவர்லே கமாரோ. பக்கவாட்டில் கோடுகள் இல்லை, 'சூப்பர் ஸ்போர்ட்' என்பதைக் குறிக்கும் எஸ்எஸ் எழுத்து இல்லை, சக்கரத்தில் சின்னதாக ஒரு மூடி. பள்ளிக்கூட வாத்தியார் ஓட்டும் கார் மாதிரி அடக்கமாக நின்றது. பானெட்டின் பின் பகுதி மட்டும் புடைத்திருந்தது. அதைத் திறந்து வைத்திருந்ததால்தான் கூட்டம். உள்ளே இருந்தது முழுக்க அலுமினியத்தில் வார்த்த 427 கன அங்குல எஞ்சின், அதாவது ஏழு லிட்டர். அதன் பெயர்தான் இசட்எல்1!

கமாரோவில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய விதி. டாக்ஸிக்கும் போலீஸ் வண்டிக்கும் தனி ஆர்டர் எடுப்பதற்காக ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவான செவர்லேயிடம் 'கோப்போ' என்றொரு வழி இருந்தது. இலினாயின் மேற்குப் பகுதியில் லா ஹார்ப் என்ற சின்ன ஊரில் டீலராக இருந்த ஃபிரெட் கிப், அந்த வழியாகவே 50 இசட்எல்1 கார்களுக்கு ஆர்டர் போட்டார். கால் மைல் நேர்ப்பாதையில் ஓடும் டிராக் (drag) ரேஸில் சேர்க்க 50 கார்கள் தயாராகியிருக்க வேண்டும் என்று விதி. பந்தயத்தில் அவருக்கு அவ்வளவு பைத்தியம்.

1968இன் கடைசி நாளில் முதல் இரண்டு கார்கள் வந்தன. அன்றைக்கு அடித்த குளிரில் இரண்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. லாரியிலிருந்து இழுத்துத்தான் இறக்கினார்கள். அப்புறம் விலைப்பட்டியல் வந்தது. ஒரு காரின் விலை 7,200 டாலருக்கு மேல், அதில் எஞ்சினுக்கு மட்டும் 4,000த்துக்கு மேல்! சாதாரண கமாரோ 3,000 டாலருக்குள் கிடைத்த காலம். அந்தச் சின்ன ஊரில் யார் வாங்குவது? பெரும்பாலானவற்றை கம்பெனியே திரும்ப எடுத்து வேறு டீலர்களுக்கு அனுப்பியது. மற்ற டீலர்கள் கேட்டதையும் சேர்த்து மொத்தம் 69தான். இன்று சேகரிப்பவர்கள் உயிரை விடுவது இந்த எண்ணிக்கைக்குத்தான்.

காரின் உரிமையாளர் எழுபதைத் தாண்டிய பெரியவர். நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இங்கே வாங்க" என்று கூப்பிட்டு கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தார். எஞ்சினின் முன்பக்கம், பயணி உட்காரும் பக்கத்தில் ஒரு சின்னச் சமதளம். அதில் காரின் எண்ணோடு பொருந்தும் இலக்கங்கள் குத்தப்பட்டிருந்தன. இந்தக் காரோடு பிறந்த எஞ்சின் இதுதான் என்பதற்கு அதுதான் சாட்சி.

"எண்ணைப் பார்க்காதீங்க. எண்ணுக்குக் கீழே என்ன தெரியுது?"

வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். தலைமுடி கனத்தில் நேர் நேராகக் கோடுகள். தொழிற்சாலையில் அந்தத் தளத்தைச் சீவிய இயந்திரம் விட்டுப் போன தடம்.

"போலி பண்றவன் பழைய எண்ணை ராவி எடுப்பான். அப்போ இந்தக் கோடும் போயிடும். எண்ணைக் குத்திடலாம், இந்தக் கோட்டை அப்படியே கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம்."

ஐம்பத்து சொச்சம் வருடத்துக்கு முன்னால் ஒரு இயந்திரம் போட்ட கீறல், அழியாமல் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நானே மூன்று முறை டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன்.

அதற்கு அப்புறம் பளபளக்கும் கார்கள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. இங்கே நடுவர்கள் கார்களுக்கு மதிப்பெண் போடும்போது மிகை அழகுக்கு மதிப்பெண் குறையும். தொழிற்சாலையில் பெயிண்ட் வழிந்திருந்தால் புதுப்பித்த காரிலும் அதே இடத்தில் வழிய வேண்டும். ஊழியர்கள் சாக்பீஸால் போட்ட குறிகளைக்கூடத் தேடிப் பிடித்து மறுபடி வரைகிறார்கள். கொட்டகையில் கிடந்து எடுத்த கார்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. டாட்ஜ் ஒன்றின் மேல் அரை அங்குலத் தூசி, சீட் கிழிந்து ஸ்பிரிங் வெளியே வந்திருந்தது. காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய தொழிற்சாலையின் தயாரிப்புத் தாள் அந்த ஸ்பிரிங்குகளுக்குள்தான் சிக்கியிருக்கும். எலி கடித்த அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு காரின் முன்னால் வைத்திருந்தார்கள். வர்ணம் அடித்து மெருகேற்றிய பத்து கார்களை விட எனக்கு அந்த ஒரு கார் போதும்.

ஞாயிறு மாலை கண்காட்சி முடிந்து கார்களை வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். வாசலில் நல்ல குளிர். நீலக் கமாரோவை நான்கு பேர் கையால் தள்ளி டிரெய்லர் வரைக்கும் கொண்டுவந்தார்கள். பெரியவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இருமிவிட்டு நின்றது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு மெதுவாக டிரெய்லர் பலகையில் ஏற்றினார்.